எதைப் பார்க்காமல் விடுவது?

1979-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில், நாற்காலிகள் போட்டிருந்த ஓர் அறையை ஒரு தள்ளுவண்டி கடந்தது. யாரும் ஓட்டவில்லை. வண்டிமேல் இருந்த கேமராவும் வேறோர் இடத்தில் இருந்த கணினியும் சேர்ந்து வழி கண்டுபிடித்தன. அறையைக் கடந்து முடிக்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆனது. ஹான்ஸ் மொராவெக் தானாக ஓடவைத்த அந்த வண்டி ஒரு மீட்டர் நகரும்; பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நின்றுவிடும். நிற்கும் நேரத்தில் கேமரா பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து ஒன்பது படங்கள் எடுக்கும். எந்தப் பொருள் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணினி கணக்குப் போடும். பிறகு இன்னொரு மீட்டர்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1987-இல், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் டிங்கோல்ஃபிங் அருகே, போக்குவரத்துக்கு இன்னும் திறக்காத நெடுஞ்சாலைப் பகுதியில் ஐந்து டன் எடையுள்ள மெர்சிடிஸ் வேன் ஒன்று மணிக்கு 96 கி.மீ. வேகத்தில் தானாகவே ஓடியது. இடைப்பட்ட காலத்தில் கணினிகள் வேகம் பெற்றது உண்மை. ஆனாலும் அந்த வேனில் இருந்தவை இன்டெல் 8086 வகைச் சில்லுகள்தாம். இன்றைக்கு ஒரு மலிவான கைபேசியில் இருக்கும் சில்லோடு அவற்றை ஒப்பிடவே முடியாது. ஐந்து மணி நேரத்தில் ஓர் அறை என்பதிலிருந்து மணிக்கு 96 கி.மீ. என்ற இடத்துக்குத் தாவ, சில்லின் வேகம் மட்டும் உதவியிருக்காது.

மொராவெக்கின் வண்டியும் படம் முழுவதையும் ஆராயவில்லை. சில பத்துப் புள்ளிகளைத்தான் தேர்ந்தெடுத்தது. நாற்காலியின் முனை, சுவரில் நிழல் விழும் மூலை என்று சுற்றுப்புறத்திலிருந்து தனித்துத் தெரியும் புள்ளிகள் அவை. வண்டியை ஓட்ட அந்தப் புள்ளி தேவையா என்ற கேள்வி தேர்வில் இடம்பெறவே இல்லை. ஜெர்மன் வேன் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டது.

வேனுக்குப் பின்னால் இருந்தவர் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ். கணினித் துறைக்காரர் அல்லர். விண்கலங்கள் வளிமண்டலத்துக்குள் திரும்பி வரும் பாதைகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர். 1975-இல் மியூனிக்கில் உள்ள ராணுவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். விண்கலத்தைப் பின்தொடர்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கலம் எங்கே என்று தேடுவதற்கு முன்பே, இந்த நொடியில் இங்கே இருக்க வேண்டும் என்ற மதிப்பீடு அவர்கள் கையில் இருக்கும். வந்து சேரும் அளவீடு அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து மதிப்பீட்டைத் திருத்திக்கொள்வார்கள். கால்மன் வடிப்பான் எனப்படும் இந்தக் கணித முறை அப்பல்லோ நிலவுப் பயணங்களிலேயே பயன்பட்டது. டிக்மன்ஸ் அதைத் தார்ச்சாலைக்கு இறக்கினார்.

நெடுஞ்சாலை போடும் பொறியாளர்கள் வளைவைத் திடீரென்று தொடங்க மாட்டார்கள்; வளைவு சிறிது சிறிதாகக் கூடும்படிதான் அமைப்பார்கள். வேனின் வேகம் தெரியும். ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதும் தெரியும். அப்படியானால் கேமராவின் அடுத்த படத்தில் சாலையோர வெள்ளைக் கோடு எந்த இடத்தில் விழும் என்று படம் வருவதற்கு முன்பே சொல்லிவிடலாம். அந்த இடங்களில் சிறு சதுரங்களை வைத்து, கோட்டின் விளிம்பு எதிர்பார்த்தபடி இருக்கிறதா, சற்று இடமா வலமா என்று பார்த்தால் வேலை முடிந்தது. சதுரங்களைச் சில்லுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். விலகல் மதிப்பீட்டைத் திருத்தியது. திருந்திய மதிப்பீடு ஸ்டியரிங்கைத் திருப்பியது. வானத்தையும் மரங்களையும் வயல்களையும் எந்தச் சில்லும் தொடவில்லை.

கேமராக்கள் அசையும் மேடையில் பொருத்தப்பட்டிருந்தன. ஒன்று அகலப் பார்வை, மற்றொன்று தொலைநோக்கி போல ஒடுங்கிய பார்வை. அகலப் பார்வையில் ஏதோ தென்பட்டால் மேடை சட்டென்று திரும்பி ஒடுங்கிய பார்வையை அங்கே பதிக்கும். 1990-களின் இறுதியில் இதே குழு இதை இன்னும் நுட்பமாக்கியது. சாலையைக் கவனிக்கும் நிரல், குறுக்குச் சாலையைக் கவனிக்கும் நிரல், முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கும் நிரல் என்று ஒவ்வொன்றும் 'என் பக்கம் பார்' என்று விண்ணப்பம் போடும். எங்கே பார்த்தால் அதிகத் தகவல் கிடைக்கும் என்று கணக்கிட்டு, கேமராவின் நேரத்தை ஒரு மைய நிரல் பங்கிட்டுக் கொடுக்கும்.

1995-இல் இவர்களுடைய மெர்சிடிஸ் கார் ஒன்று மியூனிக்கிலிருந்து டென்மார்க் வரை போய்த் திரும்பியது. 1,500 கி.மீ.க்கும் மேற்பட்ட பயணத்தில் ஏறக்குறைய 95 சதவீதத் தூரத்தைக் காரே ஓட்டியது. அதிகபட்சமாக 158 கி.மீ. தூரம் மனிதக் கை படாமலே போனது. தானியங்கிக் கார் என்றாலே கலிஃபோர்னியாவில் பிறந்தது என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம்.

வேறு வழியில்லாத காலத்துச் சிக்கனம் என்று இதைச் சொல்லிவிடக் கூடாது. மணிக்கு 90 கி.மீ. என்பது நொடிக்கு 25 மீட்டர். முன்னால் இருக்கும் அத்தனையையும் ஆராய்ந்து ஒரு நொடி கழித்து முடிவு சொல்லும் கணினி, 25 மீட்டருக்கு முன்பு இருந்த நிலைமையைப் பற்றித்தான் சொல்கிறது. ரோபோவுக்குப் பதில் சரியாக இருந்தால் போதாது, நேரத்துக்கும் வர வேண்டும். ஆகவே எதைப் பார்க்காமல் விடுவது என்ற முடிவு, எவ்வளவு வேகமான சில்லு வந்தாலும் ரோபோவின் கட்டுப்பாட்டுக்குள்ளேயே அடங்கிய வேலை.

நம் கண்ணும் இப்படித்தான் இருக்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் கண்ணால் மிகத் தெளிவாகப் பார்க்க முடிவது ஏறத்தாழ அந்த நகத்தின் அகலம், இரண்டு பாகைக் கோணம். மற்றதெல்லாம் மங்கல். விழித்திரையில் 12 கோடிக்கும் மேற்பட்ட ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. மூளைக்குப் போகும் பார்வை நரம்பிலோ சுமார் 10 லட்சம் இழைகள்தாம். கழித்துக்கட்டும் வேலை கண்ணுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. இந்தக் குறையைச் சரிக்கட்டக் கண் நொடிக்கு மூன்று நான்கு முறை இடம் தாவுகிறது. முழுக் காட்சியையும் ஒரே தெளிவில் பார்ப்பதாக நமக்குத் தோன்றுவது மூளை கட்டிய கதை.

எங்கே தாவுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரெட் யார்பஸ் 1960-களில் வெளியிட்ட சோதனை இதற்கு இன்றும் நல்ல விடை. விழியில் சிறு உறிஞ்சுக் கிண்ணத்தில் ஒரு கண்ணாடியை ஒட்டவைத்து, பார்வை எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்தார். இலியா ரெப்பின் வரைந்த ஓவியம் ஒன்றைக் காட்டினார்; நெடுநாள் கழித்து ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறார், குடும்பத்தார் திகைத்துப் பார்க்கிறார்கள். இவர்களுக்கு என்ன வயதிருக்கும் என்று கேட்டபோது பார்வை முகம் முகமாகப் போனது. குடும்பத்தின் வசதி எப்படி என்று கேட்டபோது மேசை நாற்காலிகளிலும் உடைகளிலும் உலவியது. ஓவியம் அதேதான், கேள்விதான் மாறியது.

பிரிட்டனின் மைக்கேல் லேண்டும் உடன் ஆய்வாளர்களும் 1999-இல் தேநீர் போடுபவரின் கண்ணசைவைப் பதிவு செய்தார்கள். கெட்டில், குழாய், கோப்பை என்று வேலைக்கு வேண்டியவற்றின்மீதுதான் கிட்டத்தட்ட எல்லாப் பார்வையும் விழுந்தது. கை போய்ச் சேர்வதற்கு ஏறக்குறைய அரை நொடி முன்பே கண் அங்கே போய்விட்டது. வேலைக்குச் சம்பந்தமில்லாத பொருள் பளபளப்பாக இருந்தாலும் கண் பெரும்பாலும் சீண்டவில்லை.

ஆனால் கணினித் துறையில் சில காலம் செல்வாக்குப் பெற்றது இதற்கு நேர் எதிரான வழி. 1998-இல் லாரன்ட் இட்டி, கிறிஸ்டோஃப் கோக், எர்ன்ஸ்ட் நீபர் மூவரும் ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். நிறம், வெளிச்சம், கோடுகளின் சாய்வு மூன்றிலும் அக்கம்பக்கத்திலிருந்து எது மாறுபட்டு எடுப்பாகத் தெரிகிறதோ அதற்கு மதிப்பெண் கொடு. அதிக மதிப்பெண் பெற்ற இடத்தைப் பார். பார்த்து முடித்ததும் அந்த இடத்தைச் சற்று நேரம் அடக்கிவை, இல்லாவிட்டால் பார்வை அங்கேயே ஒட்டிக்கொள்ளும். எளிமையான, அழகான மாதிரி. பல ரோபோக்களில் பொருத்திப் பார்த்தார்கள். என் தீர்ப்பைக் கேட்டால், செய்வதற்கு எந்த வேலையும் இல்லாத ரோபோவுக்கு ஏற்ற மாதிரி இது. வேலை இருக்கும் ரோபோ, சிவப்புச் சட்டைக்காரரையும் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயிலையும் துரத்திக்கொண்டிருந்தால் வேலை கெட்டுவிடும்.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த விடை ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தின் நேதன் ஸ்ப்ரேக், டேனா பல்லார்டு இருவருடையது. 2003-இல் கணினிக்குள் நடைபாதையில் நடக்கும் ஓர் உருவத்தைச் செய்தார்கள். அதற்கு மூன்று வேலைகள்: நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது, எதிரே இருப்பவற்றில் மோதக் கூடாது, கிடக்கும் குப்பையைப் பொறுக்க வேண்டும். கண் ஒன்றுதான். ஒரு வேலைக்குக் கண்ணைக் கொடுத்தால் மற்ற இரண்டும் நினைவை நம்பி ஓட வேண்டும். பார்க்காத ஒவ்வொரு கணமும் அந்த நினைவு பழசாகிக்கொண்டே போகும். அந்தக் குழப்பத்தால் எந்த வேலையில் நஷ்டம் அதிகமாக இருக்குமோ அங்கே கண்ணைத் திருப்பு என்பது அவர்கள் வைத்த விதி. எடுப்பாகத் தெரிவதையோ அதிகம் தெரியாததையோ தேடச் சொல்லவில்லை. தெரியாமல் இருப்பதால் எங்கே அதிகம் இழப்போம் என்று கேட்கச் சொன்னார்கள். நல்ல ஓட்டுநர் பக்கக் கண்ணாடியைப் பார்க்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கணக்கில்தான், அவர் அதைக் கணக்கென்று நினைக்காவிட்டாலும்.

இதே காலகட்டத்தில் எம்.ஐ.டி.யில் சிந்தியா பிரசீல் உருவாக்கிய கிஸ்மெட் என்ற ரோபோ வேறொரு வழியில் இதைத் தொட்டது. உடல் இல்லை, தலை மட்டும். பெரிய கண்கள், அசையும் காதுகள், சிவந்த உதடுகள். அதன் பார்வையை மூன்று செய்திகள் இழுத்தன: தோல் நிறம், அசைவு, அடர்ந்த வண்ணம். ஒவ்வொன்றும் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை கிஸ்மெட்டின் அப்போதைய தேவை முடிவு செய்தது. நெடுநேரம் ஆள் யாரும் வராமல் இருந்தால் தோல் நிறத்துக்கான எடை கூடும். கண் முகத்தைத் தேடும். விளையாட்டுப் பொருள் வேண்டும் என்ற நிலையில் அடர்ந்த வண்ணத்துக்கான எடை கூடும்; அதே அறையில், அதே மனிதர் எதிரே நின்றாலும் கண் மஞ்சள் பொம்மைக்குப் போகும். எதையும் அளவுக்கு மீறிப் பார்த்துக்கொண்டிருந்தால் சலிப்பு ஏறி, எடை தானாகக் குறையும்.

கிஸ்மெட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒருவர் மிக நெருங்கி வந்தால் அதன் கேமராவுக்கு முகம் சரியாகத் தெரியாது. கிஸ்மெட் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். எதிரே இருப்பவர் நாகரிகம் கருதித் தாமே ஓரடி விலகுவார். முகம் மறுபடி தெளியும். தூரத்தைச் சரிசெய்ய ரோபோ தன் சக்கரங்களை நகர்த்தவில்லை, அதற்குச் சக்கரங்களே கிடையாது. பார்வையை வைத்து எதிரே இருந்த மனிதரை நகர்த்தியது.

தேவையை அறிந்து பார்ப்பதில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் நடத்திய சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னால், நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் வந்து போவதை ஏறக்குறைய பாதிப் பேர் கவனிப்பதே இல்லை. எண்ணும் வேலைக்கு இது நல்ல உத்தி. கொரில்லாவைப் பார்த்தவருக்கு எண்ணிக்கை தவறியிருக்கலாம். சாலையில் கொரில்லாவை விடுவது வேறு விஷயம்.

இந்த முடிச்சை ரோபோக் கட்டுப்பாட்டில் நேராகக் கையில் எடுத்தவர்கள் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ஷுமீத் பலூஜா, டீன் பாமர்லோ. 1990-களின் நடுவில் சாலைக் கோட்டைப் பின்தொடரும் நரம்பு வலைப்பின்னல்களில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கடந்துபோகும் கார்கள், பக்கத்துத் தடத்தின் கோடுகள் எல்லாம் வலைப்பின்னலைக் குழப்பின. இவர்கள் செய்தது: வலைப்பின்னல் கோட்டைக் கண்டுபிடிப்பதோடு, அடுத்த படம் எப்படி இருக்கும் என்றும் ஊகிக்க வேண்டும். உண்மைப் படம் வந்ததும் ஊகத்தோடு ஒப்பிடு; எங்கே பொருந்தவில்லையோ அந்தப் பகுதியை மங்கலாக்கு. கோட்டை ஒழுங்காகப் பின்தொடர்ந்தது. டிக்மன்ஸின் சதுரங்களுக்கு இது நெருங்கிய உறவு. அங்கே சாலையின் வடிவத்தைப் பொறியாளர் எழுதிக் கொடுத்தார், இங்கே வலைப்பின்னல் தானே கற்றது.

சில்லுத் தயாரிப்பில் பிளாஸ்மா அரிப்பு என்றொரு கட்டம் உண்டு. அங்கே கோளாறைக் கண்டுபிடிக்கவும் இவர்கள் இதே முறையைப் பயன்படுத்தினார்கள், தலைகீழாக. எதிர்பார்த்தது வந்தால் விட்டுவிடு. எதிர்பாராதது வந்தால் அதைத்தான் பார். ஒரே கழித்தல் கணக்கு. ஓர் இடத்தில் மீந்தது குப்பை, இன்னோர் இடத்தில் அதுவே செய்தி. எந்த இடத்தில் எது என்பதைக் கணக்கு சொல்லாது. காரில் இரண்டும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன: பக்கத்து வண்டியை மறந்து கோட்டைப் பிடிக்கவும் வேண்டும், அந்த வண்டி நம் தடத்துக்குள் நுழைந்தால் பார்க்கவும் வேண்டும். ஒரு வடிப்பானால் இது நடக்காது. வேலைக்கு ஒரு பார்வையும், அதை இடைமறிக்க அதிகாரம் பெற்ற காவல் பார்வை ஒன்றும் தனித்தனியே ஓடியாக வேண்டும்.

இன்றைய கதைக்கு வருவோம். 2014-இல் மொழிபெயர்ப்பு நிரல்களுக்காக மாண்ட்ரியாலில் ஒரு கவன நுட்பம் உருவானது. 2017-இல் கூகுளைச் சேர்ந்த எட்டுப் பேர் எழுதிய கட்டுரை அதை மட்டுமே அடித்தளமாக வைத்து டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பைத் தந்தது. சாட்ஜிபிடி போன்றவை ஓடுவது இதில்தான். இப்போது ரோபோக்களும்.

இதன் உள்வேலையை இப்படி விளக்கலாம். ஓடும் ரயிலில் ஒருவர் மயங்கி விழுகிறார். 'டாக்டர் யாராவது இருக்கிறீர்களா?' என்று ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள். கேள்வி எல்லோர் காதிலும் விழுகிறது. ஒவ்வொருவரும் தம் தகுதியைக் கேள்வியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். டாக்டருக்கு முழுப் பொருத்தம். நர்ஸுக்குக் கொஞ்சம் குறைவு. வங்கி ஊழியருக்கு ஏறக்குறைய பூஜ்யம். பொருத்தத்தின் அளவுக்கு அவரவர் சொல்வது கடைசி முடிவில் சேர்கிறது. டிரான்ஸ்ஃபார்மரில் படம் சிறு சிறு கட்டங்களாக வெட்டப்படுகிறது; ஒவ்வொரு கட்டமும் ஒரு கேள்வியும், ஒரு தகுதிச் சீட்டும், சொல்ல வேண்டிய ஒரு செய்தியும் வைத்திருக்கிறது. எல்லாக் கட்டங்களும் எல்லாக் கட்டங்களையும் கேட்கின்றன. எந்தக் கேள்வி, எந்தத் தகுதி என்பதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கோடிக்கணக்கான எடுத்துக்காட்டுகளிலிருந்து அதுவே கற்கிறது.

பழைய கவனத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. டிக்மன்ஸின் சதுரம் வேலையைக் குறைத்தது. டிரான்ஸ்ஃபார்மர் வேலையைக் கூட்டுகிறது: 1,000 கட்டங்கள் இருந்தால் 10 லட்சம் ஒப்பீடுகள், 2,000 ஆனால் 40 லட்சம். எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் எது வேண்டாம் என்று சொல்கிறது. மொழிபெயர்ப்புக்கு இது பரவாயில்லை, வாசகர் ஒரு நொடி காத்திருப்பார். கீழே விழப்போகும் கோப்பை காத்திருக்காது.

கூகுளின் ரோபோக் குழுவே இந்தச் சுவரில் முட்டியது. 2022 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட ஆர்.டி.-1 என்ற கட்டுப்பாட்டு நிரல், 13 ரோபோக்கள் 17 மாதங்களில் திரட்டிய 1.3 லட்சம் செயல் பதிவுகளிலிருந்து கற்றது. சக்கரங்களும் ஒரு கையும் கொண்ட ரோபோக்கள், அலுவலகச் சமையலறைச் சூழலில், 700-க்கும் மேற்பட்ட பணிகள். டிரான்ஸ்ஃபார்மரை அப்படியே வைத்தால் நேரத்துக்குப் பதில் வராது. ஆகவே அதற்கு முன்னால் ஒரு காவலரை நிறுத்தினார்கள். ஒரு படத்துக்கு 81 துண்டுச் செய்திகள் வருகின்றன. 'அலமாரியைத் திற' என்பது போன்ற கட்டளையையும் கருத்தில் கொண்டு காவலர் அவற்றை 8 ஆகச் சுருக்குவார். கடைசி ஆறு படங்களுக்கும் சேர்த்து 48 செய்திகள்தாம் டிரான்ஸ்ஃபார்மருக்குள் போகின்றன. நொடிக்கு மூன்று முறை கைக்கு ஆணை வருகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் சுற்றி, பவேரியாவின் சிறு சதுரங்களுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். இம்முறை சதுரத்தை எங்கே வைப்பது என்பதை இயந்திரமே கற்றுக்கொண்டது; அது சாதாரண முன்னேற்றமல்ல.

மனிதரிடமிருந்தும் அதைக் கற்கலாம். சூரிக் பல்கலைக்கழகத்தின் டேவிடே ஸ்காரமுட்சா குழு, பந்தய ட்ரோன் ஓட்டும் 18 பேரின் கண்ணசைவை ஒரு மாதிரிக் களத்தில் பதிவு செய்து, அதே போலப் பார்வையைப் பதிக்க ஒரு வலைப்பின்னலைப் பழக்கியது. 2022-இல் வெளியான முடிவு: மனிதக் கவனத்தைப் பின்பற்றிய நிரல் கடினமான பந்தயப் பாதையை 88 சதவீத முயற்சிகளில் முடித்தது, முழுப் படத்தையும் வாங்கிய நிரல் 61 சதவீதம்தான். குறைவாகப் பார்த்தது நன்றாகப் பறந்தது.

யாரிடமும் கேட்க முடியாத இடத்தில் வேலை செய்யும் ரோபோவுக்கு இந்த விஷயம் இன்னும் கூர்மையாகிறது. செவ்வாயிலிருந்து பூமிக்குச் செய்தி வர, கோள்கள் நிற்கும் நிலையைப் பொறுத்து 3 முதல் 22 நிமிடம் ஆகும். 2016 முதல் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தியில் ஏஜிஸ் என்ற நிரல் ஓடுகிறது. ஊர்தி புதிய இடத்துக்குப் போய் நின்றதும் அது படமெடுத்து, விளிம்புகளை வைத்துப் பாறைகளைப் பிரித்து, விஞ்ஞானிகள் முன்கூட்டியே கொடுத்த அளவுகோலின்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து லேசரால் சுடும். கிளம்பும் ஆவியின் ஒளியிலிருந்து பாறையில் என்ன இருக்கிறது என்று தெரியும். விரும்பிய வகைப் பாறையை அது 93 சதவீதத்துக்கும் மேல் சரியாகத் தேர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டால் 24 சதவீதம்தான் சரியாக இருந்திருக்கும். அளவுகோல் மனிதருடையது, தேர்வு ஊர்தியுடையது. இந்தப் பங்கீடு எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. ஏன் அந்தப் பாறை என்று கேட்டால் பதில் இருக்கிறது.

கற்றுக்கொண்ட கவனத்தில் அந்தப் பதில் கிடைப்பது கடினம். தானியங்கிக் கார் பற்றிய காணொளிகளில் சாலைப் படத்தின்மேல் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு திட்டுப் பூசிக் காட்டுவார்கள்: பாருங்கள், நிரல் முன்னால் போகும் வண்டியைக் கவனிக்கிறது. பார்க்க நம்பிக்கையாக இருக்கும். அந்தத் திட்டு உண்மையிலேயே முடிவுக்குக் காரணமா என்று மொழி நிரல்களை வைத்து 2019-இல் ஆய்வாளர்களிடையே பெரிய விவாதமே நடந்தது; காரணமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று ஒரு தரப்பு காட்டியது, சில நிபந்தனைகளோடு நம்பலாம் என்றது மறு தரப்பு. பெர்க்லியில் ஜிங்க்யூ கிம்மும் ஜான் கேனியும் 2017-இலேயே எளிய சோதனை ஒன்றைச் செய்திருந்தார்கள். திட்டு இருக்கும் இடத்தை மறைத்துவிடு. ஸ்டியரிங் மாறுகிறதா என்று பார். மாறவில்லையென்றால் அந்தத் திட்டு வெறும் அலங்காரம்.

அதே பெர்க்லி வட்டாரத்தில் 2019-இல் இன்னொரு விஷயத்தை விளக்கினார்கள். மனிதர் ஓட்டுவதைப் பார்த்துக் கற்கும் நிரலுக்குச் சாலையோடு காரின் முகப்புப் பலகையும் தெரிகிறது என்று வையுங்கள். பிரேக் போட்டால் பலகையில் ஒரு விளக்கு எரியும். விளக்கு எரியும்போதெல்லாம் பிரேக் போடப்பட்டிருக்கிறது என்பதை நிரல் கச்சிதமாகக் கற்றுக்கொள்கிறது. பாதசாரியைப் பார்க்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. பலகையை மறைத்துவிட்டால் நிரல் சாலையைப் பார்க்கக் கற்கிறது. கூடுதல் தகவல் இயந்திரத்தை முட்டாளாக்கிய இடம் இது.

இவ்வளவுக்கும் பிறகு, கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆவணமே இருக்கிறது. 2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டெம்பி நகரில், ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர்மீது மோதியது, அவர் இறந்தார். கார் தன்னியக்க முறையில் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. கண்காணிக்க வேண்டிய ஓட்டுநர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததைத்தான் வாரியம் முதன்மைக் காரணமாகச் சொன்னது. காரின் பதிவுகளோ வேறொரு கதையையும் சொல்லின.

கார் அந்தப் பெண்ணைப் பார்க்காமல் இல்லை. மோதலுக்கு 5.6 நொடி முன்பே, சுமார் 100 மீட்டர் தொலைவிலேயே, ஏதோ இருக்கிறது என்று உணர்ந்துவிட்டது. முதலில் வாகனம் என்றது, பிறகு வேறு ஏதோ பொருள், மறுபடி வாகனம், சைக்கிள். ஒவ்வொரு முறை பெயர் மாறியபோதும், அந்தப் பொருள் அதுவரை எப்படி நகர்ந்தது என்ற பதிவைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியது. சாலையைக் குறுக்கே கடந்துகொண்டிருக்கிறார் என்ற எளிய உண்மை கடைசிவரை கோவையாக உருவாகவே இல்லை. பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்ற சாத்தியத்துக்கு நிரலில் இடமும் இல்லை. ஸ்ப்ரேக்கும் பல்லார்டும் கேட்ட கேள்வியைக் கேட்டிருந்தால், அது என்ன என்று தெரியாமல் இருப்பதுதான் அந்தச் சாலையிலேயே மிகப் பெரிய நஷ்டம் என்று தெரிந்திருக்கும். பெயர் தெரியாவிட்டாலும் பிரேக்கில் கால் வைக்கலாம்.

இந்த விபத்தை உணரிகளின் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. உணரிகள் வேலையைச் செய்தன. எதைத் தொடர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று மனிதர்கள் எழுதிவைத்த விதியில்தான் கோளாறு. கேமராவை இரட்டிப்பாக்கினாலோ டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்தினாலோ அந்த விதி தானாகத் திருந்திவிடாது.

2019 நவம்பரில் வந்த அந்த அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடைசி 5.6 நொடிகளில் கார் எந்தக் கணத்தில் என்ன நினைத்தது என்று அதில் ஓர் அட்டவணை இருக்கிறது. கல்லூரியில் ரோபோ செய்யும் மாணவர்கள், கேமராவைப் பொருத்துவதற்கு முன்பு அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.